மானும் சூரியனும் ஒரே அளவில்

வனவிலங்குப் படம் எடுக்கும் எல்லோருக்கும் ஒரு பசி உண்டு: இன்னும் கொஞ்சம் கிட்டே போக வேண்டும், ஒவ்வொரு மயிரிழையும் தெரிய வேண்டும், கண்ணில் ஒளிப்புள்ளி விழ வேண்டும். அந்திச் சூரியனுக்கு முன்னால் நிற்கும் விலங்கை நிழலுருவாக எடுக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு அந்தப் பசி அடங்கியது. இந்த வகைப் படத்தில் விலகிப் போகப் போகத்தான் படம் வளர்கிறது.

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. சூரிய வட்டம் வானத்தில் ஏறக்குறைய அரை டிகிரி அகலம். நாம் நூறு மீட்டர் முன்னே போனாலும் பின்னே வந்தாலும் அது மாறாது. விலங்கின் அளவுதான் மாறும். ஒரு பொருள் தன் உயரத்தைப் போல ஏறத்தாழ 107 மடங்கு தூரத்தில் இருந்தால், அதுவும் சூரியனும் கண்ணுக்கு ஒரே அளவு. நிமிர்ந்து நிற்கும் ஆண் வெளிமான் குளம்பிலிருந்து கொம்பு நுனி வரை ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சுமார் 160 மீட்டர் தள்ளி நின்றால் மான் முழுவதும் சூரியனுக்குள் அடங்கும். ஆசைப்பட்டு 30 மீட்டருக்குப் போனால் மானின் முகத்தளவுக்குத்தான் சூரியன் தெரியும். அதற்குள் மானும் ஓடியிருக்கும்.

தள்ளி நிற்பதற்கு நீண்ட லென்ஸ் வேண்டும். 500 மி.மீ. லென்ஸில்கூடச் சூரியன் சென்சாரில் நாலரை மில்லிமீட்டர்தான் விழும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் அது படத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மிச்ச இடமெல்லாம் வானம். அந்த வெறும் இடத்துக்குப் பயப்படாமல் இருக்கப் பழக எனக்கு நாளாயிற்று.

நான் இதைப் பழகிய இடம் கோடியக்கரை. நாகப்பட்டினம் மாவட்டத்தில், வங்கக் கடற்கரை மேற்கே திரும்பும் முனையில் இருக்கும் இந்தக் காடு, வெளிமான்களைக் காப்பதற்காக 1967இல் சரணாலயம் ஆனது. 2002இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. பருவமழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரி மாலைகளில் புல்வெளியில் மான்கள் பரவி மேயும். ஆளில்லாமல் திரியும் மட்டக்குதிரைகள் ஊடே நடக்கும். சூரியன் தொடுவானத்தைத் தொட்டதிலிருந்து முழுதாக மறைய இரண்டரை நிமிடம்கூட ஆகாது. நம் பக்கத்தில் அது சாய்ந்து இறங்குவதில்லை, ஏறக்குறைய நேராக விழுகிறது. அதனால் சூரியன் எந்த இடத்தில் இறங்கும் என்று முன்பே பார்த்து, அந்தக் கோட்டில் மான் வருமா என்று காத்திருக்க வேண்டும். வனத்துறையின் அனுமதி நேரம் முடியும்போது சூரியன் இன்னும் மேலே இருந்தால், கேமராவை மூடிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

வெளிச்சத்தை அளக்கும் விதம் கடினமில்லை. சூரியனை விட்டுச் சற்றுத் தள்ளி, அதன் பக்கத்து வானத்தில் ஸ்பாட் மீட்டர் வைத்து அளந்து, அங்கிருந்து ஒரு ஸ்டாப் குறைத்து, மேனுவலில் பூட்டிவிடுவேன். வானத்தின் நிறம் கெட்டிப்படும். மான் தானாகக் கறுக்கும். ஃபோகஸ் எப்போதும் உடம்பின் விளிம்பில், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் இடத்தில். சூரியன் மங்கிச் சிவந்திருந்தாலும் வியூஃபைண்டர் கண்ணாடி வழியாக அதைப் பார்க்கவே கூடாது. நீண்ட லென்ஸ் அந்த ஒளியைக் குவித்துக் கண்ணின் விழித்திரையில் பாய்ச்சிவிடும். கேமராவின் திரையைப் பார்த்து எடுப்பதே பாதுகாப்பு.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வளர்ந்த ஆணின் கரிய முதுகும் வெள்ளை வயிறும், பெண்ணின் பழுப்பும் எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். விலங்கை அடையாளம் சொல்ல மிச்சம் இருப்பது விளிம்பு ஒன்றே. முறுக்குக் கொம்பு வானத்தின் மேல் விழுந்தால் அதன் ஒவ்வொரு வளைவும் எண்ணும்படி தெரியும். இன்னொரு மானின் உடம்பின் மேல் விழுந்தால் காணாமல் போகும். இரண்டு மான்கள் லேசாக உரசி நின்றாலும் படத்தில் எட்டுக் கால் கொண்ட ஒரே விலங்கு. ஆண் தன் எல்லையில் வீம்பு காட்டி நடக்கும்போது மூக்கை உயர்த்தும். கொம்புகள் பின்னே சாய்ந்து முதுகோடு படிவது போல வரும். அப்போது கொம்புக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு கீற்று வானம் மிஞ்சுகிறதா என்று மட்டும் பார்ப்பேன். அந்தக் கீற்று இருந்தால் அது வெளிமான். இல்லாவிட்டால் திமில் வைத்த ஏதோ ஒன்று.

கால்களும் அப்படியே. நின்றுகொண்டு எடுத்தால் நான்கு காலும் தூரத்து மரவரிசைக்குள் புதைந்துவிடும். இறங்க அனுமதி உள்ள இடத்தில் தரையோடு படுத்தால் அடிவானம் தாழ்ந்து, மான் வானத்துக்குள் எழும்பும். நடக்கும்போது கால்கள் விரியும் கணத்துக்காகக் காத்திருப்பேன். துள்ளலுக்கு 1/1000 நொடிக்குக் குறையாத ஷட்டர் வைப்பேன். துள்ளட்டும் என்று கைதட்டி விரட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது விலங்கின் உயிர்ப்பயத்தைப் படமாக்குவது. அந்தப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

இப்படிச் சுத்தமான அடிவானத்தைத் தேடித் தேடித்தான் புல்வெளி சுருங்குவதை நான் கவனித்தேன். சென்ற முறை வெறுமையாக இருந்த கோட்டில் இந்த முறை சீமைக் கருவேலம் முளைத்து நிற்கும். காயைத் தின்னும் விலங்குகளின் சாணத்தோடு விதையும் பரவுவதால், வெட்டினாலும் திரும்ப வருகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் இங்கே மரங்களைச் சாய்த்தது, மான்களைக் கொன்றது. புயல் ஓர் இரவில் செய்ததை எல்லோரும் பார்த்தார்கள். கருவேலம் மெல்லச் செய்வது கண்ணில் படுவதில்லை. வெளிமான் ஒளிந்து பிழைக்கும் விலங்கு அல்ல. எதிரியைத் தூரத்திலேயே பார்த்து, ஓடிப் பிழைக்கும். அதற்குத் திறந்த நிலம் வேண்டும். எனக்குப் படத்துக்கு வேண்டியதும் அதே நிலம்தான்.

ஆகவே நிழலுரு எடுக்க வரும் இளைஞர்களிடம் நான் ஒன்று கேட்கிறேன். சூரியன் இறங்குவதற்கு முன், நல்ல வெளிச்சத்தில், அகல லென்ஸில் அந்த அடிவானத்தையும் ஒரு படம் எடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில், அதே திசையில் எடுத்து, தேதி போட்டு வையுங்கள். மான் இருக்காது, நிறம் இருக்காது, யாரும் பாராட்ட மாட்டார்கள். ஆனால் எந்தப் புதர் எந்த ஆண்டு எவ்வளவு தூரம் வந்தது என்று அது சொல்லும். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியவர்கள் வனத்துறையில் இருக்கிறார்கள். மானிடமிருந்து இத்தனை அழகை எடுத்துக்கொள்கிற நாம் அதன் நிலத்துக்கு இந்தச் சாட்சியையாவது சொல்ல வேண்டும்.