எந்த இடத்தில் நிற்கிறது?

"ஓ.எஸ். ஏறமாட்டேங்குது" என்று பழைய சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம், கோச்சடை சர்வீஸ் கடைக்காரர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த இடத்துல நிக்குது?" திரையில் என்ன எழுத்து வந்தது என்பதை அப்புறம்தான் விசாரிக்கிறார். எழுத்து பாதி நேரம் சம்பந்தமில்லாத எதையோ குறை சொல்லும், நின்ற இடம்தான் துப்புக் கொடுக்கும் என்கிறார்.

மேலக்கால் ரோட்டில், ஃபென்னர் ஆலை இருக்கும் பகுதியில், கிளைத் தெரு ஒன்றில் இருக்கிறது அந்தக் கடை. முன்பக்கம் லேப்டாப், பிரிண்டர் என்று நாலு காசு வரும் வேலைகள். பின்னறையில் பென்டியம் காலத்துக் கேபினெட்டுகள். எடைமேடைக்காரர்கள், கணினி எம்பிராய்டரி போடுகிறவர்கள், டிடிபி சென்டர் வைத்திருப்பவர்கள்தான் இவற்றின் சொந்தக்காரர்கள். பழசின் மேல் ஆசைப்பட்டு வைத்திருக்கும் ஆட்கள் இல்லை. எடைமேடையின் டாஸ் மென்பொருளுக்கு சீரியல் போர்ட் வேண்டும். டிடிபிக்காரரின் தமிழ் எழுத்துரு மென்பொருள், பிரிண்டர் போர்ட்டில் செருகும் டாங்கிள் இருந்தால்தான் வாய் திறக்கும். பெரும்பாலான புது மெஷின்களில் இந்த போர்ட்டுகளே இல்லை.

நான் போயிருந்த அன்று மேசையில் கிடந்தது ஒரு பென்டியம் த்ரீ. கல்யாணப் பத்திரிகையும் கோயில் மலரும் அச்சடித்துக் கொடுக்கும் ஒரு பெரியவருடையது. பழைய ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது. வேறொரு மெஷினிலிருந்து கழற்றிய 80 ஜிபி டிஸ்க்கைப் போட்டு, வீட்டிலேயே விண்டோஸ் 98 ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். எஸ்.யு. 0013 என்ற எண்ணோடு செட்டப் நின்றுவிட்டது.

"இது சுலபம் ஐயா. இந்த டிஸ்க் எக்ஸ்பியில இருந்து வந்தது. அதோட ஃபார்மட் 98க்குப் படிக்கத் தெரியாது. எழுத இடம் இல்லைன்னு நின்னுக்கிச்சு" என்றார் கடைக்காரர். என்.டி.எஃப்.எஸ். முறையில் பிரித்த டிஸ்க்கை 98 தொடாது. அதற்கு ஃபேட் வேண்டும். டிஸ்க்கைப் பிரிக்கும் எஃப்டிஸ்க்கில் பழைய பகுதியை அழித்ததும் அடுத்த வினோதம். 80 ஜிபி டிஸ்க்கை அது சுமார் 10 ஜிபி என்று காட்டியது. டிஸ்க் போலி என்று பெரியவர் பதறினார். 98உடன் வந்த எஃப்டிஸ்க்குக்கு 64 ஜிபிக்கு மேல் எண்ணத் தெரியாது. 64ஐக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொல்லும். மைக்ரோசாஃப்ட் பிற்பாடு திருத்தி வெளியிட்ட எஃப்டிஸ்க் கடைக்காரரிடம் ஒரு ஃப்ளாப்பியில் இருந்தது. பயாஸுக்குள் போய் வைரஸ் வார்னிங் என்ற வரியையும் அணைத்தார். அந்தக் காவல் இருந்தால் பூட் செக்டாரில் செட்டப் எழுத முடியாது. நல்ல டிஸ்க்கே கெட்டதுபோல நடக்கும்.

இனிமேல் நடந்ததுதான் நான் பார்க்க விரும்பிய வேலை. ஃபைல்களைப் பிரித்து ஏற்றும் கட்டத்தில் 35ஆம் கேப் ஃபைலைப் படிக்க முடியவில்லை என்று செட்டப் நின்றது. கூட வேலை பார்க்கும் பையன் டிப்ளமோ முடித்தவன். சிடியைத் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தான். இந்தத் தடவை 51. கடைக்காரர் இரண்டு எண்ணையும் ஒரு ரூல் நோட்டில் குறித்துக்கொண்டார்.

"ஒரே ஃபைல்ல திரும்பத் திரும்ப நின்னா சிடியச் சந்தேகப்படணும் தம்பி. மாறி மாறி நின்னா?"

"ரேம்ணே. இல்லாட்டி கேபிள்."

"முதல்ல எதைப் பார்ப்ப?"

பையன் கேபிளைத் தொட்டான். சிவப்புக் கோடு முதல் பின் பக்கம் இருக்கிறதா, ஜம்பர் மாஸ்டரில் இருக்கிறதா என்று பார்த்தான். சரியாகவே இருந்தது. பிறகு 64 எம்பி ரேம் இரண்டையும் கழற்றி, பென்சில் ரப்பரால் தங்க நிறப் பற்களை ஒரே திசையில் தேய்த்தான். ரப்பர்த் துகள் ஸ்லாட்டுக்குள் விழக் கூடாது என்பதற்காகக் குப்பைத் தொட்டிக்கு மேலே பிடித்துத் தேய்த்தான். மாட்டிவிட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடவிட்டார்கள். சிவப்பு வரிகள் வந்தன. ஒன்றைக் கழற்றினார்கள், அப்புறமும் வந்தன. அதை மாட்டி இதைக் கழற்றினார்கள், வரவில்லை. ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டுமே மாற்றுவது அந்தக் கடையின் கட்டளை. அவசரத்தில் இரண்டை மாற்றினால் சிஸ்டம் ஓடும். எதனால் ஓடியது என்பது தெரியாமலே போகும்.

ஓடிக்கொண்டிருந்த மெஷினில் கெட்ட ரேம் ஏன் இத்தனை நாள் தெரியவில்லை என்று கேட்டேன். பத்திரிகை அடிக்கும்போது மெமரியின் எல்லா மூலையும் பயன்படாது, எப்போதாவது ஹேங் ஆகும், ஆள் ரீஸ்டார்ட் பண்ணிவிட்டுப் போவார் என்றார். ஓ.எஸ். ஏற்றும்போது மெமரி, டிஸ்க், டிரைவ், கேபிள், கார்டு எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் வேலை வருகிறது. பல வருஷமாக ஒளிந்திருந்த நோய் அன்றைக்குத்தான் வெளியே வரும். 'ஃபார்மட் அடிச்சதுக்கு அப்புறம்தான் கெட்டுப்போச்சு' என்று சர்வீஸ்காரர்கள் வாங்கும் வசவுகளில் பெரும்பாலானவை அநியாயம் என்பதை அங்கே கண்ணால் பார்த்தேன்.

நல்ல ரேமோடு மட்டும் ஏற்றியபோது ஃபைல் கட்டத்தைத் தாண்டியது, வன்பொருளைத் தேடும் கட்டத்தில் மறுபடியும் நின்றது. பையனின் விரல் ரீசெட் பட்டனுக்குப் போனது. "ரீசெட் வேணாம். பவரையே அணை. கொஞ்சம் பொறு" என்று தடுத்தார். 95, 98 செட்டப்புகளில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான். எந்தப் பாகத்தைத் தேடும்போது விழுந்தோம் என்பதை டெட்கிராஷ்.லாக் என்ற ஃபைலில் செட்டப் எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை அதைப் படித்து, விழுந்த படியைத் தாண்டிப் போகும். வெறும் ரீசெட்டில் சில கார்டுகள் சிக்கிய நிலையிலேயே இருந்துவிடும் என்பதால் மின்சாரத்தையே நிறுத்த வேண்டும். பவர் வந்ததும் சேஃப் ரெகவரி என்று கேட்டது, தாண்டியது, முடித்தது. சவுண்ட் கார்டுதான் காரணம். பெரியவருக்கு அது தேவையே இல்லை. கழற்றி ஓரமாக வைத்தார்கள்.

டாங்கிளைச் செருகிப் பேஜ்மேக்கரைத் திறந்து, பழைய சிடியிலிருந்து ஒரு கோயில் மலரை எடுத்தார்கள். எழுத்துகள் சரியாக வந்து நின்றன. டாம், டாப் என்ற தமிழ் எழுத்துருக் குறியீடுகளைத் தமிழக அரசு 1999இல் தரப்படுத்தியது. 2010இல் யூனிகோடையும் டேஸ்16ஐயும் ஏற்றது. ஆனால் அச்சகங்களில் அதற்கு முன்னும் பின்னும் ஆளுக்கொரு குறியீட்டில் தட்டிய தமிழ் மலையளவு. உள்ளூர்க் கோயில் மலர்களும் சிறுவெளியீடுகளும் இப்படிப்பட்ட பெட்டிகளுக்குள்தான் இருக்கின்றன. புது மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். இந்தப் பின்னறை வேலை தமிழுக்குச் செய்யும் வேலை என்றே நான் நம்புகிறேன். நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் இந்தக் கைகளைத் தேடி வர வேண்டும்.

பில்லில், போர்டில் புதிதாகப் போட்ட பேட்டரிக்கும் ஓ.எஸ். ஏற்றியதற்கும் மட்டும்தான் காசு போட்டார். ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கக் கண்டுபிடித்ததற்கு ஒரு வரிகூட இல்லை. கேட்டால், "பாகம் மாத்துனாத்தான் பார்ட்டி காசு கொடுப்பாங்க" என்றார். டாக்டருக்குப் பார்த்ததற்கே காசு கொடுக்கிறோம். இவருக்கும் கொடுக்கத்தான் வேண்டும்.

"இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் தம்பி?" என்று பெரியவர் கேட்டார்.

"போர்டுல கெப்பாசிட்டர் எதுவும் உப்பல, அது வரைக்கும் நல்லது. ஆனா அதை நம்பி இருக்காதீங்கய்யா. நாளைக்கு இன்னொரு டிஸ்க் வாங்கிட்டு வாங்க, இப்படியே காப்பி எடுத்துத் தர்றேன். மலரையெல்லாம் ஒண்ணொண்ணா பி.டி.எஃப். ஆக்கிருங்க. அப்புறம் யூனிகோடுக்கு மாத்துறதைப் பத்திப் பேசலாம்."

பையன் ஒரு தாளில் எழுதிக் கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டினான்: ரேம் ஒன்றுதான், 64, சவுண்ட் கார்டு போடக் கூடாது, வைரஸ் வார்னிங் ஆஃப், நின்றால் ரீசெட் வேண்டாம், பவரை அணைக்கவும்.