பயணியை மறவாத பொறியாளர்கள்

ஒரு பொருளைப் படைப்பவர், அதனைப் பயன்படுத்துவோரை மறத்தலாகாது. இவ்வுண்மையை எனக்கு நன்கு உணர்த்தியது, இங்கிலாந்தில் உருவான ஒரு மோட்டார் சைக்கிளின் அமைப்பாகும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, அதாவது 1946இல், ஸ்டீவனேஜ் நகரிலிருந்த வின்சென்ட் தொழிற்சாலை, 'ராப்பீட்' வண்டியின் 'பி' வரிசையை வெளியிட்டது. நெடுந்தூரப் பயணத்திற்கேற்ற அவ்வண்டியை வடிவமைத்தோர் பிலிப் வின்சென்ட், ஆஸ்திரேலியரான பில் இர்விங் ஆகிய இருவராவர்.

1936இல் வந்த முந்தைய வண்டியில் இரும்புக் குழாய்ச் சட்டம் இருந்தது; எண்ணெய்க் குழாய்கள் வெளியே படர்ந்து கிடந்தன. புதிய வண்டியிலோ அச்சட்டம் நீக்கப்பட்டது. 998 சி.சி. இயந்திரமே வண்டியின் முதுகெலும்பாகிப் பாரம் தாங்கியது. அதன்மேல் அமைந்த எஃகுப் பெட்டி, முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைத்ததோடு எண்ணெய்த் தொட்டியாகவும் பயன்பட்டது. ஓர் உறுப்பு, இரு பணி! என்னே சிக்கனம்!

நான் பெரிதும் வியப்பது சக்கரங்களின் அமைப்பையே. அச்சிலேயே சிறு கைப்பிடி பொருத்தப்பட்டிருந்தமையால், ஸ்பேனர் எதுவுமின்றிக் கையாலேயே சக்கரத்தைக் கழற்றலாம். சங்கிலியின் தளர்வையும் கையாலேயே சரிசெய்யலாம். ஒவ்வொரு சக்கரத்திற்கும் இரண்டு பிரேக்குகள் இருந்தன. கால்மிதிகளை ஓட்டுநரின் உயரத்திற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். மழையில், ஆளரவமற்ற பாதையில், பஞ்சரான வண்டியோடு நின்ற பெற்றோர்களுக்கு இவற்றின் அருமையை நான் விளக்க வேண்டுவதில்லை.

மணிக்கு 170 கிலோமீட்டருக்கும் மேல் விரைந்த வண்டி அது. ஆயினும், வேகத்தைவிட, வழியில் தனித்து நிற்கும் மனிதனைப் பற்றிய அக்கறையே அதன் உண்மைப் பெருமை என்பேன்.

இத்துணைச் சிறப்பிருந்தும், அதன் விலை மிகுதி, வாங்குவோர் குறைவு. 1955ஆம் ஆண்டின் இறுதியில் தொழிற்சாலை மோட்டார் சைக்கிள் உற்பத்தியை நிறுத்தியது. அப்படியாயின் அவ்வுழைப்பு வீணா? அன்று என்றே நான் கருதுகிறேன். அவ்வண்டிகளை இன்றும் அன்பர்கள் பேணி ஓட்டி வருகின்றனர். வணிகம் தோற்றது, வேலைத்திறன் தோற்கவில்லை.

மாணவமணிகளே! நாளை நீங்கள் நாற்காலி செய்யலாம், பாலம் கட்டலாம், இயந்திரம் படைக்கலாம். எதைச் செய்யினும், 'இதனைக் கையாளப் போகிறவர் யார்? அவருக்கு என்ன இடர் நேரும்?' என்று முதலில் எண்ணுங்கள். அவ்வெண்ணமே நல்ல தொழிலுக்கு அடிப்படையாகும்.