வண்டிக்குப் பின்னால் வண்டி

போன மே மாத லீவில் அமெரிக்காவில், ஃபீனிக்ஸ் நகரில் இருக்கும் என் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். கிராண்ட் கேன்யன் பார்த்ததைப் பற்றி எழுது என்றார் தமிழ் ஐயா. ஆனால் போகிற வழியில் நடந்ததுதான் எனக்கு மனசிலேயே நிற்கிறது.

மாமாவிடம் ஒரு பழைய மோட்டார்ஹோம் இருக்கிறது. பஸ் மாதிரி வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உண்டு. ஓர் இடத்தில் நிறுத்தித் தண்ணீர்க் குழாயும் கரண்டும் கொடுத்துவிட்டால் அப்புறம் அது வீடுதான். பால் வாங்க வீட்டையா ஓட்டிக்கொண்டு போக முடியும்? அதற்காக மாமா தன் பிக்கப் வண்டியைப் பின்னால் மாட்டி இழுத்து வருவார். நான்கு சக்கரமும் ரோட்டிலேயே உருளும். உள்ளே ஆள் கிடையாது!

நம்ம ஊரில் ரிப்பேரான வண்டியைக் கயிறு கட்டி இழுப்பார்களே, அது மாதிரி என்று நினைத்தேன். இல்லவே இல்லை. நடுவில் இரும்புச் சட்டம், அது விட்டுப்போனால் பிடித்துக்கொள்ள இரண்டு இரும்புக் கயிறு, பின் விளக்கு எரிய ஒயர். மாமாவுடையது நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்கப். சீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன கியர் கம்பி இருக்கும். அதை நியூட்ரலில் போட்டால்தான் சக்கரம் சுற்றுவது கியர்பாக்ஸுக்குப் போகாது. இல்லாவிட்டால், எஞ்சின் ஓடாததால் ஆயில் ஏறாமல் கியர்பாக்ஸ் வெந்துவிடுமாம். இப்படிப் பதினோரு வேலை. மாமா ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்தார். "நீதான்டா செக்கிங் இன்ஸ்பெக்டர். ஒவ்வொண்ணா வாசி, பார்த்துட்டு டிக் போடு." எனக்கு ஒரே பெருமை.

ஃபீனிக்ஸிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் சுமார் 230 கி.மீ. வழியில் நிறைய மலை ஏற்றம். பாதி வழியில் பெட்ரோல் போட நுழைந்தோம். முன்னால் வழி இல்லை. பிக்கப்பை மாட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. எடுத்தால் அதன் முன் சக்கரம் ஒரு பக்கமாகத் திரும்பிச் சட்டத்தையே வளைத்துவிடும். கழற்றித்தான் ஆகணும். கோணலாக நின்றதால் பின் கழலவில்லை. மாமா சுத்தியலால் தட்டுகிறார், வெயில் கொளுத்துகிறது, பின்னால் நான்கு கார் நிற்கிறது. ஒருவழியாகக் கழற்றி, வெளியே கொண்டுவந்து மறுபடி மாட்டினோம்.

"எல்லாம் ஆச்சாடா?" என்றார் மாமா. நான் அத்தை கொடுத்த ஐஸ்கிரீமோடு நின்றேன். தாளை வாசிக்கவே இல்லை. பதினோரு டிக்கையும் வரிசையாகப் போட்டு, "ஆச்சு மாமா" என்றேன்.

பத்து நிமிஷம் போயிருக்கும். பக்கத்தில் வந்த லாரி டிரைவர் ஹாரன் அடித்துப் பின்னால் கை காட்டினார். நிறுத்தி ஓடிப் பார்த்தால் பிக்கப்பின் பின் சக்கரத்திலிருந்து புகை! பார்க்கிங் பிரேக் எடுக்கவே இல்லை. பெரிய வண்டி இழுத்துக்கொண்டே போனதால் மாமாவுக்குத் தெரியவில்லை. ரோட்டு ஓரமெல்லாம் காய்ந்த புல். அங்கே மே மாதம் காட்டுத்தீ சீசன். அத்தை குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். யாருமே பேசவில்லை.

ஃபிளாக்ஸ்டாஃபில் பிரேக் மாற்ற ஒரு நாள் போய்விட்டது. கிராண்ட் கேன்யனில் இரண்டு நாள் இருப்பதாக இருந்தது, ஒரு நாளானது. செலவு எவ்வளவு என்று மாமா சொல்லவில்லை. அத்தையிடம், "பிரேக் போட்டது நான்தானே, அவசரத்துல எடுக்க மறந்துட்டேன்" என்று மட்டும் சொன்னார். அத்தை அவரைத் திட்டினார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தாள் என் பாக்கெட்டில் இருந்தது. மாமா அதைக் கேட்கவே இல்லை. மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே கேட்கவில்லையா, தெரியாது.

தாள் இப்போது என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. ஏழாவது வரி: 'பார்க்கிங் பிரேக் எடுத்தாச்சா?' நேராக என் டிக்.

அம்மா இந்தச் சுவர் இதழைப் போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பப் போகிறார்களாம். அனுப்பட்டும்.

– ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு