சைக்கிளுக்கும் அளவு எடுங்கள்!

ரவிக்கைக்கு அளவு கொடுக்கும்போது நாம் எவ்வளவு கண்டிப்பாக இருக்கிறோம்! தோளில் அரை அங்குலம் கூடிவிட்டால் போதும், தையற்காரர் பாடு திண்டாட்டம்தான். ஆனால் சைக்கிளை மட்டும் கடைக்காரர் எப்படிக் கொடுத்தாரோ அப்படியே ஏறி ஓட்டுகிறோம். உடம்புக்கு ஒத்துவராவிட்டால் பழி உடம்பின் மேல்!

"எனக்குச் சைக்கிள் ஒத்துக்கொள்ளாது, முழங்கால் வலிக்கிறது" என்பவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். வலி முழங்காலில்தான், கோளாறு பல சமயம் ஸீட்டில்.

என் அக்கா பெண் காலேஜுக்குச் சைக்கிளில் போகிறவள். இரண்டே மாதத்தில் முழங்காலின் முன்பக்கம் வலி கண்டுவிட்டது. "அப்போதே சொன்னேனே, பெண்பிள்ளைக்கு எதற்கு இந்தச் சவாரி?" என்று பாட்டி ஆரம்பித்துவிட்டார். சைக்கிளை விற்றுவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. போய்ப் பார்த்தேன். ஸீட் அடியோடு இறங்கியிருந்தது.

"ஏனம்மா இப்படி?"

"நின்றால் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டாமா, சித்தி? விழுந்துவிட்டால்?"

பார்த்தீர்களா? விழும் பயம் ஸீட்டை இறக்குகிறது. ஸீட் தாழ்ந்தால் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி மடங்கி மிதிக்கிறது. வலிக்காமல் என்ன செய்யும்?

சரியான உயரம் அறிய ஒரு சுலப வழி உண்டு. சைக்கிளை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். ஸீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுவந்து, குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்காலில் இலேசான மடிப்பு இருக்கும். அதுதான் அளவு. இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடினால் ஸீட் உயரம் அதிகம், சற்று இறக்குங்கள். ஸீட் கம்பியில் எல்லைக்கோடு இருந்தால், அது வெளியே தெரியும்படி உயர்த்தவே கூடாது.

ஸீட் மட்டமாக இருக்கட்டும். அதன் முனை தாழ்ந்தால் பாரமெல்லாம் கைகளில் இறங்கி விரல்கள் மரத்துப்போகும். பெண்களின் இடுப்பெலும்பு பொதுவாகச் சற்று அகலம். ஸீட்டின் பின்பக்கமும் அதைத் தாங்கும்படி இருக்க வேண்டும். ஹாண்டில்பார் ஸீட்டுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருந்தால் முதுகுக்குச் சுகம். பிடிக்கும்போது முழங்கை விறைக்கக் கூடாது.

"சரி, நிற்பது எப்படி?" என்கிறீர்களா? பிரேக் பிடித்து, ஸீட்டை விட்டு முன்னே இறங்கி ஒரு காலை ஊன்றுங்கள். என் அக்கா பெண்ணுக்கு இது பழக ஒரு வாரம் ஆயிற்று. வலி விலக ஒரு மாதம். அதன் பிறகும் வலி இருந்திருந்தால் டாக்டரிடம்தான் அழைத்துப் போயிருப்பேன்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தின்போது, ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதவில்லை. ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு! கேலிப் பேச்சுக்கெல்லாம் அவர்கள் அசையவில்லை.

அவர்கள் அப்படிப் பிடித்த ஹாண்டில்பாரை, ஒரு ஸ்பானரைத் திருப்பச் சோம்பி நாம் விட்டுவிடலாமா? இந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை வாசலுக்குக் கொண்டுவாருங்கள். முதலில் குதிகால், பிறகு ஸ்பானர்!