இளைய அண்ணன்

உபாத்தியாயர் தொழிலில் இருபது வருஷம் கழிந்துவிட்டால், கேள்வி கேட்கும் பிள்ளையை உட்கார வைக்கும் வித்தை நன்றாகக் கைவந்துவிடுகிறது. சென்ற வாரம் அந்த வித்தையை நாமும் பிரயோகித்தோம். இன்னும் வெட்கம் தீரவில்லை.

பாடம், 1905-ல் ஐன்ஸ்டைன் வெளியிட்ட சார்பியல் தத்துவம். சுமித்திரை பெற்ற இரட்டையரையே உதாரணமாகக் கொண்டோம். மூத்தவனாகிய லக்ஷ்மணன், ஒளியின் வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கு வேகத்துடன், நான்கு ஒளியாண்டு தூரத்திலுள்ள நக்ஷத்திரத்துக்குப் போய் உடனே திரும்புகிறான். சத்துருக்கனன் வீட்டிலேயே இருக்கிறான். வீட்டுக் கடிகாரத்தில் 10 வருஷம். பிரயாணியின் கடிகாரத்திலோ 6 வருஷந்தான். அண்ணன் தம்பியாகிவிட்டான்! வகுப்பு கொல்லென்று சிரித்தது.

கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை.

"ஸார், லக்ஷ்மணன் பார்வையில் பூமியல்லவா ஓடிப்போய்த் திரும்புகிறது? அப்படியானால் சத்துருக்கனன்தானே இளையவனாக இருக்க வேண்டும்?"

"இதெல்லாம் பரீக்ஷைக்கு வராது, உட்கார்" என்றோம். உண்மையில், விடை நமக்கே தெரியவில்லை.

அன்றிரவு காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தோம். விடியும் வேளையில் விஷயம் புலப்பட்டது. இருவர் நிலைமையும் ஒன்றல்ல. கப்பல் திரும்பும்போது லக்ஷ்மணன் கையிலுள்ள தண்ணீர் தளும்பும். சத்துருக்கனன் வீட்டுக் கூஜா அசையவே அசையாது. ஒருவன் வழி நேரானது; மற்றவன் வழி நடுவில் முடங்கியது. முக்கோணத்தின் இரு பக்கங்கள் சேர்ந்தால் மூன்றாவதை விட நீளம் என்று கீழ்வகுப்பிலேயே கற்பிக்கிறோம். காலத்தின் க்ஷேத்திர கணிதத்தில் இது தலைகீழ். முடங்கிய வழியே குறுகியது. மூன்றும் மூன்றும் ஆறு, நேர்வழியோ பத்து.

இது வெறுங் கற்பனையன்று. 1971 அக்டோபரில் ஹாஃபெலே, கீட்டிங் என்ற அமெரிக்கர் இருவர் அணுக்கடிகாரங்களை விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றிவந்தனர். கிழக்கே சென்ற கடிகாரங்கள், ஒரு விநாடியின் நூறு கோடிப் பங்கில் 59 பங்கு பின்தங்கின. மேற்கே சென்றவை 273 பங்கு முந்தின. பூமியின் சுழற்சியையும் பறந்த உயரத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஐன்ஸ்டைன் கணக்குக்கு இது பொருந்துகிறது.

மறுநாள் அந்தப் பையனை எழுப்பி, விடை தெரியாமலே உட்கார வைத்ததை வகுப்பறிய ஒப்புக்கொண்டோம். பிறகு கரும்பலகையில் முக்கோணத்தை வரைந்தோம். அவன் வெகுநேரம் அதையே பார்த்திருந்தான்.

"ஸார், லக்ஷ்மணன் திரும்பி வராமலே போய்க்கொண்டிருந்தால்?"

இம்முறை அவனை உட்காரச் சொல்லவில்லை. சாக்குக் கட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு, நாம் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டோம்.