லூப்பேக்கில் ஓடியது லயன்ஸ் ரேஞ்சில் ஓடுமா?

லயன்ஸ் ரேஞ்சில் இருக்கும் கல்கத்தா பங்குச் சந்தை 1908-இல் அமைப்பாக உருவெடுத்தது. 1997-இல் சி-ஸ்டார் என்ற கணினித் திரைக்கு மாறியது. 2013 ஏப்ரலோடு அந்தத் திரையில் வணிகம் நின்றது. தரகர்களின் வேலை நிற்கவில்லை. அந்தத் தெருவிலும் டல்ஹவுசியைச் சுற்றியும் உள்ள அலுவலகங்களுக்கு மும்பைச் சந்தைகளின் விலைகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. தேசியப் பங்குச் சந்தை 1994-இல் வணிகத்தைத் தொடங்கியபோது விசாட்டை நம்பித்தான் தொடங்கியது: செயற்கைக்கோள் ஒரு முறை அனுப்பினால் ஊர் ஊராக இருக்கும் டிஷ் எல்லாம் அதையே வாங்கிக்கொள்ளும். கேபிளில் அதே வேலையைச் செய்வதுதான் மல்டிகாஸ்ட். 224-இல் தொடங்கி 239 வரை உள்ள முகவரிகளில் ஒன்றுக்கு ஒரே ஒரு பாக்கெட்டை அனுப்பினால் போதும். அந்தக் குழுவில் சேர்ந்த எல்லோருக்கும் வழியிலுள்ள சுவிட்சும் ரௌட்டரும் நகலெடுத்துத் தந்துவிடும். ஸ்டீவ் டீரிங் 1989-இல் எழுதிய ஆர்எஃப்சி 1112 வகுத்த முறை இது. தேசியப் பங்குச் சந்தையின் கோ-லொகேஷன் (தரகர்களின் சர்வர்களைச் சந்தையின் இடத்திலேயே வைப்பது) விவகாரத்தில் ஒழுங்குமுறை அமைப்பான செபி 2019 ஏப்ரல் 30 அன்று பிறப்பித்த உத்தரவு, டிசிபி இணைப்புகளில் ஒருவர்பின் ஒருவராக விலை அனுப்பிய பழைய அமைப்பில் முந்தி இணைந்தவருக்கு முந்திக் கிடைத்ததைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. மல்டிகாஸ்டில் அந்த வரிசைக்கே இடமில்லை. ஆகவே இந்தத் தொழிலில் மல்டிகாஸ்ட் என்பது வேகத்தோடு நியாயமும் சேர்ந்த விஷயம். அதை வாங்கும் புரோகிராமைச் சரியாக எழுதுவதும் அப்படித்தான்.

அந்தப் புரோகிராமை எழுதுபவர் சால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஒரு லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பார். நிஜ ஃபீட் அவர் மேசை வரை வராது. வந்தாலும் மாலை மூன்றரைக்கு ஓய்ந்துவிடும். அதனால் ஒரு டெர்மினலில் அனுப்பும் புரோகிராம், இன்னும் இரண்டில் வாங்கும் புரோகிராம் என்று எல்லாவற்றையும் ஒரே கணினியில் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். மூத்தவர்கள் பலர் இதை மதிப்பதில்லை. இரண்டு கணினியும் ஒரு சுவிட்சும் இல்லாமல் மல்டிகாஸ்ட் டெஸ்ட்டா என்று கேட்பார்கள். என் கருத்து வேறு. கணினி ஒன்றே என்பதில் குறை இல்லை. பாக்கெட் கணினியை விட்டு வெளியே போகாமல் உள்ளேயே திரும்பும் லூப்பேக் காட்டும் சலுகைகளை நெட்வொர்க்கின் இயல்பு என்று எடுத்துக்கொள்வதில்தான் குறை. அந்தச் சலுகைகளை ஒவ்வொன்றாகப் பறித்துவிட்டால், நிஜ நெட்வொர்க்கில் கிடைக்காத கடுமையான சோதனை அந்த ஒரே லேப்டாப்பில் கிடைக்கும்.

சில பிழைகள் ஒரே கணினியில்தான் வெளிப்படும் என்பதை முதலில் சொல்ல வேண்டும். பங்கு விலைக்கு 239.1.1.1, டெரிவேட்டிவ் விலைக்கு 239.1.1.2, இரண்டுக்கும் ஒரே போர்ட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு புரோகிராம்கள், ஆளுக்கு ஒரு குழுவில் சேர்கின்றன. இரண்டும் சாக்கெட்டை 0.0.0.0-இல் பைண்ட் செய்திருக்கின்றன. தனித்தனிக் கணினியில் ஓட்டினால் எந்தத் தொல்லையும் இல்லை. ஒரே லினக்ஸ் கணினியில் ஓட்டினால் இரண்டு புரோகிராமுக்கும் இரண்டு குழுவின் பாக்கெட்டும் வந்து விழும். அந்தக் கணினியில் யார் எந்தக் குழுவில் சேர்ந்திருந்தாலும், அப்படிப் பைண்ட் செய்த சாக்கெட்டுக்கு அதைக் கொடுப்பது லினக்ஸின் இயல்பு. ஐபி_மல்டிகாஸ்ட்_ஆல் என்ற ஆப்ஷனைப் பூஜ்யமாக்க வேண்டும், அல்லது குழு முகவரியிலேயே பைண்ட் செய்ய வேண்டும். இரண்டாவது வழி விண்டோஸில் செல்லாது. தரகர் அலுவலகத்தில் செலவைக் குறைக்க இரண்டையும் ஒரே சர்வரில்தான் ஏற்றுவார்கள் என்பதை நினைத்தால், இரண்டு கணினி வைத்து டெஸ்ட் செய்தவரே இங்கே ஏமாறுவார்.

மெதுவாக வாங்கும் புரோகிராமின் கதையும் இதுதான். லூப்பேக்கில் பாக்கெட் தொலையாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. சாக்கெட்டுக்கு லினக்ஸ் வழக்கமாக ஒதுக்கும் வாங்கு-பஃபர் 2,12,992 பைட். அனுப்புபவர் வேகமாகத் தள்ள, வாங்குபவர் ஒவ்வொரு டிக்கையும் டிஸ்க்கில் எழுதிவிட்டுத் திரும்பினால், பஃபர் நிரம்பி மிச்சம் சத்தமில்லாமல் கொட்டிப்போகும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. ப்ராக் கோப்பகத்தில் யுடிபி சாக்கெட்டுகளின் பட்டியல் இருக்கும். அதில் ஒவ்வொரு வரியின் கடைசி எண்தான் கொட்டிய பாக்கெட்டுகளின் கணக்கு. அது பூஜ்யத்திலிருந்து நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே வேகத்தை ஏற்றினால், புரோகிராமின் உண்மையான கொள்ளளவு ஒரு சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

லூப்பேக் மறைப்பவையும் உண்டு. அதன் எம்டியு 65,536 பைட். ஈதர்நெட்டில் 1,500, அதில் யுடிபி சரக்குக்கு மிஞ்சுவது 1,472. எட்டாயிரம் பைட் பாக்கெட் லேப்டாப்பில் முழுசாகப் போய்ச் சேரும். கேபிளில் அது ஆறு துண்டாகும், ஒரு துண்டு தொலைந்தால் மொத்தமும் தொலையும். டிடிஎல்-ஐத் தொடாமல் விட்டால் மல்டிகாஸ்டுக்கு அது 1. முதல் ரௌட்டரோடு பயணம் முடிந்துவிடும், ஆனால் ஒரே கணினியில் ரௌட்டரே கிடையாதே. அனுப்பியது தனக்கே திரும்பி வருவதைத் தீர்மானிக்கும் லூப் ஆப்ஷன் லினக்ஸில் அனுப்பும் சாக்கெட்டைக் கட்டுப்படுத்தும், விண்டோஸில் வாங்கும் சாக்கெட்டை. எந்த இன்டர்ஃபேஸ் என்று சொல்லாமல் குழுவில் சேர்ந்தால் கர்னல் ரௌட்டிங் டேபிளைப் பார்த்துத் தானே ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்: வைஃபை இருக்கும்போது ஓடிய டெஸ்ட், அதை அணைத்ததும் நின்றுவிடும்.

இவற்றுக்கு மாற்று லினக்ஸிலேயே இருக்கிறது. நேம்ஸ்பேஸ் இரண்டோ மூன்றோ உருவாக்கி, வெத் ஜோடிகளால் ஒரு பிரிட்ஜில் கோத்தால், ஒரே லேப்டாப்புக்குள் 1,500 எம்டியு கொண்ட தனித்தனி இயந்திரங்கள் கிடைத்துவிடும். வழியில் நெட்எம் வைத்து நூற்றுக்கு ஒரு பாக்கெட்டைத் தொலைக்கலாம், வரிசையைக் குலைக்கலாம். அதையும்விட எனக்குப் பிடித்தது, அனுப்பும் புரோகிராமே வேண்டுமென்று எண்ணைத் தவறவிடுவது. நாஸ்டாக்கின் மோல்ட்யுடிபி64 போன்ற முறைகளில் ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் வரிசை எண் இருக்கும்; 20 பைட் தலைப்பில் 8 பைட் அதற்கே. ஒரே ஃபீட் ஏ, பி என்று இரண்டு குழுவில் வரும்போது, ஏ-இல் 7-ஐயும் பி-இல் 9-ஐயும் விட்டால் புரோகிராம் இரண்டையும் இட்டு நிரப்ப வேண்டும். இரண்டிலும் 12-ஐ விட்டால் உடனே மீட்பு சர்வரைக் கேட்க வேண்டும், கேட்ட பதில் வருவதற்குள் 13 முதல் வருவதைப் பத்திரமாக நிறுத்தி வைக்க வேண்டும். இதை நிஜ நெட்வொர்க்கில் கேட்டு வாங்க முடியாது. நிஜ நெட்வொர்க்தான் நிஜ சோதனை என்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அங்கே தொலையும் பாக்கெட் நாளைக்கு அதே இடத்தில் தொலையாது, எனவே திருத்தியது திருந்தியதா என்று பார்க்க வழியில்லை.

பதிவு செய்த ஒரு நாளின் ஃபீடைத் திரும்ப ஓட்டினால் போதாதா என்பது இன்னொரு கேள்வி. நல்ல வழிதான், ஆனால் அதில் அன்றைக்குத் தொலைந்தது மட்டுமே தொலையும். டிசிபிரீப்ளேயால் ஓட்டும் பாக்கெட் இன்டர்ஃபேஸை விட்டு வெளியே போகுமே தவிர அதே கணினியின் சாக்கெட்டுக்குத் திரும்பாது. டிசிபிடம்ப் அதைக் காட்டும், புரோகிராம் காணாது. பலர் இங்கேதான் நாள் கணக்கில் தேடுகிறார்கள். வெத்தின் ஒரு முனையில் ஓட்டி மறுமுனையில் வாங்க வேண்டும். பதிவிலுள்ள அனுப்புநர் முகவரிக்கு இங்கே ரௌட் இல்லையென்றால் ஆர்பிஃபில்டர் அதைக் கமுக்கமாகத் தள்ளிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

மென்பொருள் பிரிட்ஜ் சுவிட்ச் ஆகாது என்ற ஆட்சேபத்தை மட்டும் முழுதாக ஏற்கிறேன். ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் செய்யும் சுவிட்ச், யார் எந்தக் குழுவில் என்பதைக் கேள்வி-பதில்களை ஒட்டுக்கேட்டு நினைவில் வைத்திருக்கிறது. வழக்கமான அமைப்பில் 125 விநாடிக்கு ஒரு கேள்வி, அதில் இரண்டு சுற்று, பதிலுக்கு 10 விநாடி: ஆக 260 விநாடி. கேள்வி கேட்கும் க்வெரியர் அந்த நெட்வொர்க்கில் இல்லாவிட்டால், சேர்ந்தபோது சொன்ன பெயர் அதன்பின் அழிந்து ஃபீட் நின்றுவிடும். இரண்டு நிமிட டெஸ்ட் இதைப் பார்க்காமலேயே முடிந்துவிடும். சந்தையோ காலை 9:15 முதல் மாலை 3:30 வரை. எந்தப் பெட்டி எப்படி நடந்துகொள்ளும் என்று லேப்டாப் சொல்லாது. ஆனால் லேப்டாப் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்திருந்தால், லயன்ஸ் ரேஞ்ச் சர்வர் அறையில் முதல் நாள் பார்ப்பதற்கு இரண்டே கேள்விகள்தான் மிஞ்சும்: ஐந்தாவது நிமிடத்திலும் பாக்கெட் வருகிறதா, மூன்றரைக்கு கொட்டிய பாக்கெட்டுகளைக் காட்டும் அந்தக் கடைசி எண் இன்னும் பூஜ்யமா.