ஆர்.சி. புத்தகத்தில் இல்லாத கியர்பாக்ஸ்

அம்பாசடர் என்ன ஆயிற்று என்று கேட்கும் நண்பர்களுக்குத் தனித்தனியே பதில் சொல்லி மாளவில்லை. ஆகவே ஒரே பதிவாக எழுதிவிடுகிறேன். சற்று நீளமானது, பொறுத்தருள்க. நெறியாளர் கண்ணில் பட்டால், ஆய்வேட்டின் நான்காம் இயலும் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்பதை இங்கேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

வண்டி தாத்தாவுடையது. 1972ஆம் ஆண்டுப் பதிவு, மார்க் 2. கிருஷ்ணகிரியில் மருத்துவராக இருந்தவர் அவர். அவருக்குப் பின் அப்பா ஓட்டினார். பிறகு ஓசூர் வீட்டுக் கொட்டகையில் பதினோரு ஆண்டுகள் அசையாமல் நின்றதில் எஞ்சின் இறுகிவிட்டது. "ஒரு திருகாணிகூட மாத்தாத வண்டிடா" என்று அப்பா சொல்லக் கேட்டே வளர்ந்தவன் நான்.

2021 ஜூலையில் ஒன்றிய அரசு மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் ஊர்திகளுக்கென ஒரு பிரிவைச் சேர்த்தது. முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். புதுப்பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். நிபந்தனை, வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் எதுவும் நிகழ்ந்திருக்கக் கூடாது. அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. அந்த எண்பலகையோடு வண்டியை அவர் முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இழுவை வண்டியில் ஏற்றிச் சிவாஜிநகரில் ஒரு பட்டறையில் இறக்கினேன்.

பட்டறைக்காரரை எல்லோரும் பாய் என்கிறார்கள். நானும் அப்படியே குறிப்பிடுகிறேன். தமிழும் தக்கினி உருதும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும் பேச்சு. பானெட்டைத் திறந்து பார்த்ததுமே, "இசுசு போட்டுடலாம் தம்பி. அஞ்சு கியர். மைசூர் ரோட்ல பறக்கலாம்" என்றார்.

அவர் சொன்னது ஆதாரமற்றதல்ல. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக வந்த 1489 சி.சி. பிரிட்டிஷ் எஞ்சினை நெடுங்காலம் பொருத்திவந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், 1992இல் தானே 1817 சி.சி. இசுசு எஞ்சினையும் ஐந்து வேகத் தரைக் கியரையும் அம்பாசடருக்குக் கொடுத்தது. காண்டெஸாவில் அவை அதற்கு முன்பே வந்துவிட்டன. நிறுவனமே செய்த மாற்றம் என்பதால் பட்டறைகளுக்கும் இது கைவந்த வேலை. (பிரீமியர் 118 என்.இ.யின் நிசான் எஞ்சினைப் பழைய பத்மினிகளில் இறக்கியவர்களும் உண்டு. அது தனிக்கதை.) வி.ஏ. எண்ணுக்காக நான் மறுத்தேன். ஆனாலும் ஆய்வாளனுக்குரிய அடங்காத ஆவல். அந்த ஐந்து கியர் பெட்டியைப் பார்த்துவிட்டாவது வரலாமே என்று பாயோடு பழைய சாமான் சந்துக்குப் போனேன்.

கடைக்காரர் எண்ணெய்க் கறை படிந்த ஒன்றை உருட்டிவந்து, "காண்டெஸா, ஃபைவ் ஸ்பீடு" என்றார். பாய் எதுவும் பேசவில்லை. இன்புட் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு, பின்னால் வெளிவரும் ஷாஃப்டில் ஒரு கோடு. லீவரை ஒவ்வொரு கியராகத் தள்ளி, முன்னதைக் கையால் சுற்றிப் பின்னது எத்தனை சுற்றுகிறது என்று என்னை எண்ணச் சொன்னார். முதல் கியரில் பின்னது ஒரு முறை சுற்றுவதற்குள் முன்னதை ஏறக்குறைய மூன்றே முக்கால் முறை சுற்ற வேண்டியிருந்தது. கடைசிக் கியரில் இரண்டும் சமமாகச் சுற்றின. ஐந்து வேகப் பெட்டியாக இருந்திருந்தால் கடைசிக் கியரில் பின்னது முந்தியிருக்க வேண்டும். அதற்கும் மேலே ஒரு கியர் உண்டா என்று தேடினோம், ரிவர்ஸ்தான் இருந்தது. கடைக்காரர் காண்டெஸா என்றது பொய்யன்று. 1984இல் அந்தக் கார் வந்தபோது அதில் இருந்தது நம் அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சினும் நான்கு வேகப் பெட்டியும்தான். லீவர் தரையில் இருப்பதைப் பார்த்து ஐந்து என்று விற்கிறார்கள், வாங்குகிறார்கள். லீவரை நம்பாதே, சுற்றை எண்ணு என்பது பாயின் கட்சி. மணிக்கூட்டின் போல்ட் துளைகள், இன்புட் ஷாஃப்டின் நீளம், அதன் பற்களின் எண்ணிக்கை, ஸ்பீடோமீட்டர் கேபிள் நுழையும் இடம் ஆகிய எல்லாம் பொருந்தினால்தான் பெட்டி பொருந்தும். போல்ட் துளைகள் பொருந்தி, பற்கள் பொருந்தாமல், கழற்றிய வண்டி மாதக்கணக்கில் பட்டறையில் கிடப்பதுண்டாம்.

திரும்பி வந்து எங்கள் வண்டியின் அடியில் படுத்து, அதே சோதனையைச் செய்யத் தொடங்கினோம். அப்போதுதான் பாய் டார்ச்சை வேறு பக்கம் திருப்பினார். பெட்ரோல் டாங்கிலிருந்து முன்னே போகும் குழாய்க்குப் பக்கத்தில் இன்னொரு மெல்லிய குழாய். இரு முனைகளும் நசுக்கி அடைக்கப்பட்டிருந்தன. "இது டீசல் ஓடின வண்டி தம்பி" என்றார்.

இன்ஜெக்டர்களில் மிஞ்சும் டீசல் டாங்குக்குத் திரும்ப வேண்டும். அதற்கான குழாய் அது. 1972 மாடல் பெட்ரோல் அம்பாசடரில் அதற்கு வேலையே இல்லை. நான் மறுத்தேன். டாஷ்போர்டில் ரப்பர் மூடி போட்டிருந்த ஓட்டையைக் காட்டினார். ஹீட்டர் பிளக் சுவிட்ச் இருந்த இடமாம். சிறுவயதில் அந்த மூடியைப் பிடுங்கி அடி வாங்கியது நினைவுக்கு வந்தது. மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு எஞ்சின் எண்ணைத் துடைத்துப் படித்தேன். ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டால் கடைசி மூன்று இலக்கங்கள் வேறு. ஆவணங்களை நம்புவது என் தொழில். அந்தப் பிற்பகல் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்பாவை அழைத்தேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "குழாயை எடுக்கச் சொன்னேன், எடுக்கலையா அவன்?" என்றார்.

1987இல் அத்தையின் திருமணம். கடன். டீசல் விலை பெட்ரோல் விலையைவிட வெகுவாகக் குறைந்திருந்த காலம். தாத்தா வாங்கிய எஞ்சினை விற்றுவிட்டு, விபத்தில் நொறுங்கிய ஒரு டாக்சியின் 1489 சி.சி. டீசல் எஞ்சினை அப்பா இறக்கியிருக்கிறார். அதுவும் அதே பிரிட்டிஷ் குடும்பத்து எஞ்சின் என்பதால் பழைய கியர்பாக்ஸோடு சேர்ந்துவிட்டது. நாற்பது குதிரைத்திறனை எட்டாதது. அலுவலகம் முடிந்தபின் கிருஷ்ணகிரிக்கும் பெங்களூருக்கும் இடையே கல்யாணச் சவாரி, ஆஸ்பத்திரிச் சவாரி. சொந்த உபயோக வண்டியில் வாடகைச் சவாரி, ஆர்.சி.யிலோ பெட்ரோல். இரண்டும் தவறு என்று அவருக்குத் தெரியும். கடன் அடைந்ததும் 1993இல் ஒரு பழைய பெட்ரோல் எஞ்சினை வாங்கிப் போட்டார். எங்கே வாங்கினீர்கள் என்றேன். "சிவாஜிநகர்லதான்."

அத்தைக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்தத் திருகாணிக் கதை. சென்ற மாதம் அவரே அத்தையிடம் சொன்னார். "டீசல் வாடை எனக்குத் தெரியாதாண்ணா? மறுவீட்டுக்குப் போறப்பவே வண்டி அந்த உதறு உதறிச்சு" என்றாராம் அத்தை. இருவரின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

வி.ஏ. எண் கைவிட்டுப் போயிற்று. ஆர்.சி.யில் உள்ள எண்ணையே எஞ்சினில் அடித்துத் தருவதாக ஒரு தரகர் வந்தார். எனக்கு முன்பே பாய் அவரை அனுப்பிவிட்டார். மூலம் போனபின் இசுசுவுக்கு என்ன தடை என்று நானே கேட்கத் தொடங்கினேன். முறையாக அனுமதி பெற்று எஞ்சின் மாற்ற வழி இருக்கிறது. பாயும் கலாசிபாளையத்தில் உண்மையான ஐந்து வேகப் பெட்டி ஒன்றைக் கண்டுபிடித்து, சுற்றை எண்ணிப் பார்த்துவிட்டு வந்தார்.

அதற்குள் தாத்தாவின் கோப்பில் 1979ஆம் ஆண்டுச் சேலத்துப் பட்டறை ரசீது ஒன்று கிடைத்தது. கியர்பாக்ஸ் மணிக்கூட்டில் தேய்ந்துபோன ஒரு போல்ட் துளைக்குப் புஷ் அடித்த கூலி. இறக்கிவைத்த பெட்டியைத் துடைத்துப் பார்த்தோம். மேலிருந்து இரண்டாவது துளையில் அந்தப் புஷ் இருந்தது. அடிச்சட்ட எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பதியும் ஆர்.சி. புத்தகத்தில் கியர்பாக்ஸுக்கென ஒரு வரிகூடக் கிடையாது. மூன்று எஞ்சின்களுக்கும் உழைத்தது அது ஒன்றுதான்.

இசுசு வேண்டாம் என்றேன். பாய்க்கு வருத்தம்தான், நாலைந்து நாள் சரியாகப் பேசவில்லை. இறுகிய எஞ்சினை ரீபோர் செய்து, பெரிய அளவுப் பிஸ்டன் போட்டாயிற்று. இப்போது உள்ள எஞ்சின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற, நடந்ததை எழுதி விண்ணப்பித்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. அந்தக் குழாயை வெட்டிவிடவா என்று பாய் கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

ஞாயிறன்று அப்பா வந்தார். பட்டறைச் சந்துக்குள்ளேயே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். இந்தப் பெட்டியின் முதல் கியரில் சிங்க்ரோ கிடையாது; நேரே போட்டால் பல் கடிக்கும். ஸ்டியரிங் ஓரத்து லீவரை முதலில் இரண்டாவதுக்கு ஒரு தட்டு, பிறகு முதலாவதுக்கு இழுப்பு. சத்தமே இல்லை. பாய் என்னைப் பார்த்தார். அப்பா கண்ணாடியை இறக்கி, "சாயந்தரம் அத்தையைக் கூட்டிக்கிட்டு ஒரு சுத்து போயிட்டு வரலாமாடா?" என்றார்.